ஒரே மரபணு, ஆறு டௌ புரதங்கள்: கணக்குப்படி எட்டு வரவேண்டாமா?

#1 · குறியீட்டுக்காரன்

மென்பொருள் வேலையிலிருந்து உயிரித்தகவலியல் பக்கம் வந்தவன். இப்போது டௌ புரதத்தின் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எம்ஏபிடி என்று பெயர், 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. நரம்பணுவின் உள்சட்டகமான நுண்குழாய்களைப் பிடித்து நிறுத்துவது இந்தப் புரதம்தான். அல்சைமர் நோயில் நரம்பணுவுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரள்வதும் இதுவே.

படித்த இடமெல்லாம் ஒரே செய்தி. மரபணுவில் 16 எக்சான்கள், அதாவது வெட்டி ஒட்டிய பிறகு ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகள். பெரியவர்களின் மூளையில் 2, 3, 10 ஆகிய மூன்று எக்சான்கள் சில ஆர்என்ஏ பிரதிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதனால் ஆறு வகை டௌ. மூன்று எக்சான், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்றால் 2×2×2 = 8 அல்லவா வரவேண்டும்? மீதி இரண்டு எங்கே போயின?

இன்னொன்று. தரவுத்தளத்தைத் திறந்தால் ஆறும் இல்லை, எட்டும் இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை நம்புவது?

#2 · ரைபோசோம்ராணி

விடுபடும் இரண்டும் ஒரே காரணத்தால் விடுபடுகின்றன. எக்சான் 2 இல்லாமல் எக்சான் 3 மட்டும் சேர்வதில்லை. ஆகவே அந்தப் பகுதிக்கு மூன்றே நிலைகள்: இரண்டும் இல்லை, 2 மட்டும் உண்டு, இரண்டும் உண்டு. இவற்றைத்தான் 0என், 1என், 2என் என்கிறார்கள் ('என்' என்பது புரதத்தின் தொடக்க முனை). இதோடு எக்சான் 10 உண்டா இல்லையா என்பதைப் பெருக்கினால் 3×2 = 6.

எக்சான் 10 இல்லாவிட்டால் 3ஆர், இருந்தால் 4ஆர். 'ஆர்' என்பது நுண்குழாயைப் பற்றும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளின் எண்ணிக்கை. நான்கில் இரண்டாவது பகுதியைத் தருவது எக்சான் 10. நான்கு இருந்தால் பிடி இறுக்கம்.

நீளத்தையும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆறில் சிறியது 352 அமினோ அமிலம். எக்சான் 2 சேர்ந்தால் 29 கூடும்: 381. எக்சான் 3-உம் சேர்ந்தால் இன்னொரு 29: 410. எக்சான் 10 தருவது 31. அதை மூன்றோடும் கூட்டினால் 383, 412, 441. ஆறும் வந்துவிட்டன.

கருவில் இருக்கும் சிசுவின் மூளையில் இந்த ஆறும் கிடையாது. 352 மட்டும்தான். மற்றவை பிறந்த பிறகு வருபவை. மரபணு அப்போதும் அதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

#3 · இரட்டைச்சுருள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எக்சானை 'சேர்ப்பது', 'விடுவது' என்கிறீர்களே, யார் சேர்க்கிறார்கள்? டிஎன்ஏவில் எல்லாம் வரிசையாகத்தானே இருக்கிறது?

#4 · பழையபேராசிரியர்

வரிசையாக இருக்கிறது, ஆனால் இடைவெளி விட்டு இருக்கிறது. எம்ஏபிடி மரபணு ஏறக்குறைய 1,34,000 எழுத்து நீளம். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து என்பதால் 441 அமினோ அமில டௌவுக்குத் தேவை 1,323 எழுத்து, நிறுத்தக் குறியோடு 1,326. மரபணுவின் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி இன்ட்ரான். செல் முதலில் முழு நீளத்தையும் ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது. பிறகு இன்ட்ரான்களை வெட்டியெடுத்து எக்சான்களை ஒட்டுகிறது. இதுதான் ஸ்ப்ளைசிங். ஓர் எக்சானின் இருபுறமும் உள்ள இன்ட்ரான்களோடு அந்த எக்சானையும் சேர்த்து வெட்டிவிட்டால் அது விடுபட்டது என்று பொருள்.

மரபணு இப்படித் துண்டு துண்டாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1977-இல் பிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் தனித்தனியாக அடினோவைரஸில் இதைக் கண்டார்கள். வைரஸின் ஆர்என்ஏவை அதன் டிஎன்ஏவோடு பிணைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆர்என்ஏவில் இணை இல்லாத டிஎன்ஏ பகுதிகள் வளையம் வளையமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றன. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு. எக்சான், இன்ட்ரான் என்ற பெயர்களை வைத்தவர் வால்டர் கில்பர்ட், 1978-இல். வெட்டும் இடம் மாறினால் ஒரே மரபணுவிலிருந்து வேறு வேறு புரதம் வரலாம் என்பதையும் அதே குறிப்பில் எழுதிவிட்டார். சான்றுகள் குவிவதற்கு முன்பே சொன்னது அது.

#5 · குறியீட்டுக்காரன்

நன்றி ராணி, நன்றி ஐயா. எனக்குப் பழக்கமான மொழியில் சொன்னால், ஒரே மூலநிரலில் நிபந்தனை வைத்துச் சில வரிகளைச் சேர்த்தோ விட்டோ தொகுப்பது போல. மூளைக்கு ஒரு தொகுப்பு, தசைக்கு ஒரு தொகுப்பு. சரியா?

#6 · ரைபோசோம்ராணி

பாதி தூரம் வரும். தொகுப்பியில் நிபந்தனை ஒன்று உண்மை அல்லது பொய். செல்லில் விகிதம். ஒரே நரம்பணுவில், ஒரே நேரத்தில், ஒரே மரபணுவின் சில பிரதிகளில் எக்சான் 10 இருக்கும், சிலவற்றில் இருக்காது. பெரியவர்களின் மூளையில் மொத்தமாகப் பார்த்தால் 3ஆர், 4ஆர் இரண்டும் ஏறத்தாழச் சம அளவு. எலியில் அப்படி இல்லை. வளர்ந்த எலியின் மூளையில் இருப்பது 4ஆர்தான். டௌ பற்றி எலியில் ஆய்வு செய்பவர்களுக்குத் தீராத தலைவலி இது.

விகிதம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வோர் இன்ட்ரானும் அநேகமாக எப்போதும் ஆர்என்ஏவில் ஜியூ என்று தொடங்கி ஏஜி என்று முடியும். ஆனால் அந்த இரண்டிரண்டு எழுத்து மட்டும் போதாது. அக்கம்பக்கத்து எழுத்துகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பொறுத்து ஒரு வெட்டுமிடம் வலுவானது அல்லது பலவீனமானது. இன்ட்ரானின் தொடக்கத்தை முதலில் அடையாளம் காண்பது யு1 என்னும் சிறு ஆர்என்ஏ-புரதக் கூட்டு. அது எழுத்துக்கு எழுத்து இணைந்து ஒட்டிக்கொள்ளும். பொருத்தம் குறைந்தால் சில சமயம் ஒட்டும், சில சமயம் தவறவிடும். எக்சானுக்குள்ளும் இன்ட்ரானிலும் 'இதைச் சேர்', 'இதை விடு' என்று இழுக்கும் சிறு சிறு வரிசைகள் வேறு உண்டு. அவற்றில் எஸ்ஆர், எச்என்ஆர்என்பி என்னும் இரு வகை ஆர்என்ஏ பற்றும் புரதங்கள் வந்து அமரும். திசுவுக்குத் திசு இந்தப் புரதங்களின் அளவு மாறும், முடிவும் அதோடு மாறும்.

எக்சான் 10-இன் கடைசியில் உள்ள வெட்டுமிடம் பலவீனமானது. போதாக்குறைக்கு, அந்த இடத்தில் ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து ஒரு கொண்டைபோல நிற்கிறது. கொண்டை இருக்கும்வரை யு1 எளிதில் அண்ட முடியாது. அதனால்தான் பாதிப் பிரதிகளில் எக்சான் 10 விடுபடுகிறது.

#7 · இரட்டைச்சுருள்

அந்தக் கொண்டை கலைந்தால்?

#8 · ரைபோசோம்ராணி

நோய். கேள்விப்பட்டதிலேயே என்னை மிகவும் உலுக்கிய விஷயம் இது.

சில குடும்பங்களில் ஐம்பது வயதை ஒட்டியே ஒருவகை மறதிநோய் தலைமுறை தலைமுறையாக வரும். நெற்றிப்பொட்டு மடல் மறதிநோய். பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் விறைப்பும் சேர்ந்துகொள்ளும். 1998-இல் இதற்கான காரணத்தை எம்ஏபிடி மரபணுவில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிறழ்வுகளில் சில எக்சான் எதிலும் இல்லை. எக்சான் 10 முடிந்த பிறகு இன்ட்ரானுக்குள் 14-ஆவது எழுத்தில், 16-ஆவது எழுத்தில். சி இருக்கவேண்டிய இடத்தில் டி. அவ்வளவுதான். கொண்டை தளர்கிறது, எக்சான் 10 அதிகம் சேர்கிறது, 4ஆர் கூடுகிறது.

டௌவின் அமினோ அமில வரிசையில் எந்தத் தவறும் இல்லை. ஆறு புரதமும் நம் எல்லோரிடமும் இருக்கும் அதே ஆறு. விகிதம் மட்டும் குலைந்தது. அதற்கே மூளை சிதைகிறது.

எக்சான் 10-க்கு உள்ளேயே 284-ஆவது இடத்தில் இன்னொரு பிறழ்வு உண்டு. அங்குள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் லியூசினாகவே இருக்கும். பழைய பாடத்தில் இதை 'மௌனப் பிறழ்வு' என்று தள்ளிவிட்டிருப்பார்கள். அதுவும் எக்சான் 10-ஐக் கூடுதலாகச் சேர்க்கவைத்து நோயைத் தருகிறது.

#9 · குறியீட்டுக்காரன்

29-ஐ மூன்றால் பெருக்கினால் 87, 31-ஐப் பெருக்கினால் 93. எக்சான் நீளமும் சரியாக 87, 87, 93 தானா? மூன்றுமே மூன்றால் வகுபடுவது தற்செயலா?

#10 · பழையபேராசிரியர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. நீளம் அதுவேதான். தற்செயல் இல்லை. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் வரிசையில் 87 எழுத்தை எடுத்துவிட்டால் பின்னால் வருவது எதுவும் கலையாது. 88-ஐ எடுத்தால் அதற்குப் பிறகு எல்லாம் உளறல், விரைவிலேயே ஒரு நிறுத்தக் குறி முளைக்கும். சேர்ந்தாலும் விடுபட்டாலும் உருப்படியான புரதம் வரவேண்டும் என்றால் நீளம் மூன்றின் மடங்காக இருப்பது பெரிய வசதி. பல உயிரினங்களில் மாறாமல் காக்கப்பட்டிருக்கும் விருப்ப எக்சான்களில் இப்படிப்பட்டவை அதிகம்.

இந்தக் கணக்கு மருந்தாகவும் ஆகியிருக்கிறது. தசைச்சிதைவு நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோபின் மரபணுவை எடுங்கள். 79 எக்சான்கள், எக்ஸ் குரோமோசோமில் 20 லட்சம் எழுத்துக்கு மேல் பரந்து கிடக்கிறது. எக்சான் 50-இல் 109 எழுத்து. ஒரு சிறுவனின் மரபணுவில் அது மட்டும் தொலைந்திருந்தால், 109 மூன்றால் வகுபடாது, படிப்பு குலைகிறது. கடுமையான டுஷேன் வகை. இப்போது எக்சான் 51-ஐயும் வேண்டுமென்றே விடவைத்தால்? அதில் 233. இரண்டும் சேர்ந்து 342, அதாவது 114 அமினோ அமிலம். நடுவில் ஒரு துண்டு குறைந்தாலும் இரு முனையும் ஒழுங்காக உள்ள புரதம் கிடைக்கும். மிதமான பெக்கர் வகை நோயாளிகளிடம் இயற்கையாகவே இருப்பது இப்படிக் குறுகிய புரதங்கள்தான். எக்சான் 51-ஐ மறைக்கும் எடெப்ளிர்சன் மருந்துக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2016-இல் விரைவு அனுமதி தந்தது. கணக்கு அழகானது. ஆனால் அந்த மருந்தால் தசையில் கூடிய டிஸ்ட்ரோபின் மிகக் குறைவு, அதனால் அந்த அனுமதியே பெரும் சர்ச்சையானது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

#11 · நுண்நோக்கி

மூன்றின் மடங்கு விதிக்கு நேர் எதிரான ஒன்றும் மனித மரபணுத் தொகுதியில் இருக்கிறது. 9-ஆவது குரோமோசோமில் சிடிகேஎன்2ஏ என்னும் மரபணு. இதற்கு முதல் எக்சான் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி புரோமோட்டர் (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி), நடுவே சுமார் 20,000 எழுத்து இடைவெளி. எதில் தொடங்கினாலும் அடுத்து ஒட்டுவது அதே எக்சான் 2-தான். ஆனால் படிப்பு ஓர் எழுத்து தள்ளி நடக்கிறது. ஆகவே ஒரே எக்சான் 2, ஒட்டுறவே இல்லாத இரண்டு அமினோ அமில வரிசையாக மொழிபெயர்க்கப்படுகிறது. ஒன்று பி16, 156 அமினோ அமிலம். இன்னொன்று பி14ஏஆர்எஃப், 132.

இரண்டுமே புற்றுநோயைத் தடுப்பவை, வழிதான் வேறு. முதலாவது, செல் பிரிவைத் தூண்டும் சிடிகே4, சிடிகே6 நொதிகளை அடக்கி, பிரிவைத் தடுக்கும் ஆர்பி புரதத்துக்குக் காவல். இரண்டாவது எம்டிஎம்2 புரதத்தைக் கட்டிப்போட்டு, அது அழிக்கும் பி53 என்ற காவல் புரதத்தைக் காக்கிறது. இந்த ஒரு மரபணு தொலைந்தால் இரண்டு காவலும் போய்விடும். பல புற்றுநோய்களில் இந்தப் பகுதி தொலைந்து காணப்படுவதில் வியப்பில்லை.

எங்கே தொடங்குவது என்பதிலும் வேறுபாடு வரலாம், எங்கே முடிப்பது என்பதிலும் வரலாம். கால்சிடோனின் மரபணுவில் தைராய்டு சி-செல்கள் எக்சான் 4-ஓடு முடித்துக்கொள்ளும், கால்சிடோனின் கிடைக்கும். நரம்பணுக்கள் 4-ஐத் தாண்டி 5, 6-க்குப் போகும், சிஜிஆர்பி கிடைக்கும். முன்னது கால்சியத்தோடு தொடர்புடைய ஹார்மோன். பின்னது ஒற்றைத் தலைவலியில் ரத்தக்குழாய்களை விரிப்பது. 1982-லேயே தெரிந்த விஷயம். இன்று ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புதிய மருந்துகள் பலவற்றின் இலக்கும் இந்த சிஜிஆர்பிதான்.

#12 · தேனீ

ஆர்என்ஏ எடிட்டிங்கை விட்டுவிட்டீர்களே. கொழுப்பைச் சுமக்கும் புரதத்தின் ஏபிஓபி மரபணுவில் ஸ்ப்ளைசிங் ஒன்றும் மாறுவதில்லை. குடலில் ஆர்என்ஏவின் ஒரு சி எழுத்து யு ஆகி நிறுத்தக் குறியாகிவிடும், கல்லீரலில் வரும் முழு நீளத்தில் 48 சதவீதம் மட்டுமே கிடைக்கும். அப்புறம் புரதம் உருவான பிறகு வெட்டுவது, பாஸ்பேட் ஒட்டுவது என்று...

#13 · நெறியாளர்

தேனீ, அதற்குத் தனி இழை திறந்துவிட்டேன். இங்கே மரபணுவின் அமைப்பிலிருந்து வருவதை மட்டும் பேசுவோம்.

#14 · நுண்நோக்கி

முதல் பதிவின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் பதில் பலருக்குப் பிடிக்காது.

தரவுத்தளப் பட்டியலில் உள்ளது ஆர்என்ஏ பிரதிகளின் பட்டியல். புரதங்களின் பட்டியல் அல்ல. மனிதரில் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. ஜென்கோட் என்னும் மனித மரபணுப் பட்டியலில் மொத்தப் பிரதிகள் இரண்டு லட்சத்துக்கு மேல். 2008-இல் வந்த ஆய்வுகள், பல எக்சான் உள்ள மனித மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாற்று ஸ்ப்ளைசிங் நடக்கிறது என்றன. அன்றிலிருந்து 'ஒரு மரபணு, பத்துப் புரதம்' என்று எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் துண்டுகளின் எடையை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் நிறைநிறமாலையில் புரதத்தையே தேடிப் பார்த்தால், பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரே ஒரு முதன்மை வடிவம்தான் தென்படுகிறது. வெட்டும் இயந்திரம் பிழை செய்யும். பிழையான பிரதியும் வரிசைப்படுத்தும் கருவியில் பதிவாகும், பட்டியலில் ஏறும். அவற்றில் பலவற்றை, நடுவழியில் நிறுத்தக் குறி இருப்பதைக் கண்டு செல்லே அழித்துவிடுகிறது. டௌவின் ஆறு வடிவங்கள் விதிவிலக்கு. அதை வைத்துப் பொதுவிதி எழுதக்கூடாது.

#15 · ரைபோசோம்ராணி

இரைச்சல் நிறைய என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நிறைநிறமாலையில் தென்படவில்லை என்பதால் இல்லை என்று சொல்வது அவசரம். அந்த முறையில் புரதத்தை டிரிப்சின் என்னும் நொதியால் துண்டாக்குகிறோம். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களின் பக்கத்தில் வெட்டும். எக்சானின் கடைசி எழுத்துகள் அடிக்கடி ஏஏஜி என்று முடிகின்றன, அது லைசினின் குறி. அதாவது எந்த ஒட்டுமிடத்தைப் பார்த்தால் வடிவம் தெரியுமோ, சரியாக அதே இடத்தில் டிரிப்சின் வெட்டிவிடுகிறது. சான்று கத்திக்கே போய்விடுகிறது. தவிர, சில செல்களில் மட்டும், சில நாட்களில் மட்டும் வரும் வடிவத்தை மொத்தத் திசுவை அரைத்துப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

#16 · நுண்நோக்கி

ஒட்டுமிடப் பிரச்சினை உண்மை. ஆனால் எக்சான் முழுவதும் சேர்ந்திருந்தால் அதன் உள்ளிருந்து வரும் துண்டாவது தென்படவேண்டுமே? முப்பது அமினோ அமிலம் கூடுதலாக இருந்தால் ஒரு துண்டாவது சிக்கும்.

#17 · ரைபோசோம்ராணி

சேர்ந்தது சிக்கும். விடுபட்டதைக் காட்ட ஒட்டுமிடத்துத் துண்டு ஒன்றுதான் உண்டு. முதன்மை வடிவத்தில் எக்சான் இருந்து, மாற்று வடிவத்தில் விடுபட்டிருந்தால், மாற்று வடிவத்துக்கு மட்டுமே உரிய உள்துண்டு என்று எதுவும் இருக்காது.

#18 · பழையபேராசிரியர்

இருவரும் நாளை காலை வரை பேசுவீர்கள். புதிதாக ஒரு பிரதியைப் பார்த்தால் நான் கேட்பது இதைத்தான்: அந்த எக்சான் வேறு பாலூட்டிகளிலும் இருக்கிறதா, படிப்பு குலையாமல் இருக்கிறதா, திசுவுக்குத் திசு அதன் விகிதம் ஒழுங்காக மாறுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பிழைப்பிரதி என்று தள்ளமாட்டேன். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அதன்மேல் ஒரு மாணவரின் முனைவர் பட்டத்தைப் பணயம் வைக்கமாட்டேன். எக்சான் 10 மூன்றிலும் தேறும். வளர்ந்த எலியில் அது அநேகமாக எப்போதும் சேர்கிறது என்பது விகிதம் மாறியதைத்தான் காட்டுகிறது, எக்சானைக் காணோம் என்று அல்ல.

#19 · குறியீட்டுக்காரன்

நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஒரு கட்டுரையில் 301-ஆவது புரோலின் லியூசினாக மாறும் பிறழ்வு என்று இருக்கிறது. யூனிப்ராட் என்னும் புரதத் தரவுத்தளத்தில் டௌவின் முதன்மை வரிசையை இறக்கி 301-ஐப் பார்த்தால் அங்கே புரோலினே இல்லை.

#20 · ரைபோசோம்ராணி

எல்லோரும் விழும் பள்ளம். யூனிப்ராட்டில் முதன்மை வரிசையாக வைத்திருப்பது மூளையின் டௌ அல்ல. மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில் வரும் நீண்ட வடிவம், 758 அமினோ அமிலம். அதில் மூளையில் சேராத எக்சான் 4ஏ இருக்கிறது, அது மட்டும் 251. எக்சான் 6-உம் இருக்கிறது, அது 66. கூட்டினால் 317. மருத்துவக் கட்டுரைகள் எண்ணுவது 441 நீள வடிவத்தை வைத்து. 301-ஓடு 317-ஐக் கூட்டி 618-இல் பாருங்கள், புரோலின் இருக்கும். மூளை வடிவம் வேண்டுமென்றால் பி10636-8 என்ற எண்ணில் எடுங்கள்.

முதன்மை என்று குறித்திருப்பதாலேயே அதுதான் உடலில் அதிகம் இருக்கும் வடிவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. 301 எக்சான் 10-க்குள் விழுகிறது. ஆகவே அந்தப் பிறழ்வு உள்ளவரிடம் 3ஆர் டௌ மூன்றும் பழுதில்லாமல் இருக்கும். 4ஆர் மூன்றில்தான் தவறு ஏறும்.

#21 · குறியீட்டுக்காரன்

618-இல் புரோலின் இருக்கிறது, நன்றி. கடைசிக் கேள்வி. என்னிடம் இருப்பது 150 எழுத்து நீளத் துண்டுகளாக வரிசைப்படுத்திய மூளை ஆர்என்ஏ தரவு. ஆறு வடிவங்களும் எத்தனை சதவீதம் என்று இதில் எடுக்க முடியுமா?

#22 · நுண்நோக்கி

எக்சான் 10 எத்தனை சதவீதம், எக்சான் 2 எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எடுக்கலாம். 9-இலிருந்து 10-க்கும், 10-இலிருந்து 11-க்கும் தாவும் துண்டுகளை எண்ணிச் சராசரி எடுங்கள். அதை 9-இலிருந்து நேராக 11-க்குத் தாவுபவற்றோடு ஒப்பிட்டால் போதும்.

ஆறையும் பிரிக்க முடியாது. 441 வடிவத்தில் எக்சான் 3 முடிவது 102-இல், எக்சான் 10 தொடங்குவது 275-இல். நடுவே 172 அமினோ அமிலம், அதாவது 516 எழுத்து. 150 எழுத்துத் துண்டு ஒன்று இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொடாது. எக்சான் 2 உள்ள பிரதியிலேயே எக்சான் 10-உம் இருந்ததா என்று அந்தத் தரவுக்குத் தெரியவே தெரியாது. மென்பொருள் ஆறுக்கும் எண் தரும், அது ஊகம். முழு ஆர்என்ஏவையும் ஒரே நீட்டாகப் படிக்கும் நீள்வாசிப்புத் தரவு தேவை. பொதுத் தரவுத்தளங்களில் மூளைத் திசுவுக்குக் கிடைக்கிறது, தேடுங்கள். இறக்கிய பிறகு, எக்சான் 1 முதல் 13 வரை முழுமையாக எட்டிய வாசிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் உடைந்த ஆர்என்ஏ எல்லாம் 0என் போல எண்ணிக்கையில் ஏறிவிடும்.